பிறந்தநாள் விருந்துக்குக் கடை பார்க்கும்போது

உடல்நலப் பகுதி – தோட்ட மருத்துவ உதவியாளர் எழுதுவது



முன்பெல்லாம் தோட்டத்தில் பிறந்தநாள் என்றால் கோயிலில் ஓர் அர்ச்சனை, லயத்து வீட்டில் பாயசம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய், அவ்வளவுதான். இப்போது பிள்ளைகள் டவுனில் வேலை செய்கிறார்கள். “அப்பாவுக்கு 60 வயசாகுது, நல்ல கடையா பாத்து எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்” என்கிறார்கள். பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் செய்கிற மரியாதை அது. தாராளமாகச் செய்யட்டும்.

ஆனால் கடை பார்க்கும்போது எதையெல்லாம் விசாரிக்கிறோம்? பிரியாணி ருசியாக இருக்குமா, ஏர்கான் உண்டா, கார் நிறுத்த இடம் இருக்கா, தலைக்கு எத்தனை வெள்ளி ஆகும் என்று கேட்கிறோம். யாருக்குப் பிறந்தநாளோ அவருடைய உடம்புக்கு அந்தக் கடை ஒத்துவருமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

2019-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், நம் நாட்டில் வயது வந்தவர்கள் 100 பேரில் 18 பேருக்கு இரத்தத்தில் சீனி அதிகமாக இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 100-க்கு 31 பேர். அதாவது, விருந்து மேசையில் நம்மவர்களில் பெரியவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்தால், அதில் மூன்று பேர் இனிப்புநீர்க்காரர்களாக இருக்கக்கூடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் நேரம்

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுபவர். அவருடைய பிறந்தநாளுக்குச் சனிக்கிழமை இரவு டவுனில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார்கள். வழக்கம்போல 7 மணிக்கு வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கடையில் ஒரே கூட்டம். மேசை கிடைக்கவே நேரமாகிவிட்டது. 9 மணி ஆகியும் சோறு வரவில்லை. பெரியவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குளறியது. “அப்பாவுக்கு அசதி” என்று பிள்ளைகள் நினைத்தார்கள். மருமகள் சமயத்தில் புரிந்துகொண்டு சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார்.

காரணம் இதுதான். இரண்டு வேளை போடும் கலங்கலான இன்சுலினைச் சாப்பாட்டுக்குச் சுமார் அரை மணி நேரத்துக்கு முன்பு போட வேண்டும். போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் இரத்தத்தில் சீனி அளவு கீழே இறங்கிவிடும். 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் ஆபத்து. கிளிக்லசைட் போன்ற சில மாத்திரைகளும் அப்படித்தான். ஆகவே:

ஊசியையும் மாத்திரையையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். சாப்பாடு எப்போது வரும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு போடுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் இன்சுலினை விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் கெட்டுப்போகும்.

கடைக்கு முதல் நாளே சொல்லி, மேசையும் சாப்பாடும் பேசி வையுங்கள். “7 மணிக்கு உக்காந்ததும் சோறு வரணும், வீட்டுல ஊசி போடுற ஆள் இருக்காரு” என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத கடை உங்களுக்கு வேண்டாம்.

முடிந்தால் இரவு விருந்தைவிடப் பகல் விருந்து நல்லது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் 12 மணிக்குப் போனால், சமைத்த சூட்டோடு, உட்கார்ந்த உடனே இலையில் சோறு விழும்.

தப்பித் தவறி வேர்வையும் நடுக்கமும் கண்டால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கேக்கும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு உதவாது. அவற்றில் இருக்கும் கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடத்தில் குணம் தெரியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் சோறு சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே 999-க்கு அழையுங்கள்.

அடுத்தது சுத்தம்

ஊராட்சி மன்றம் கடைகளுக்கு ஏ, பி, சி என்று தரம் கொடுக்கிறது. அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும், பாருங்கள். 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி, உணவைக் கையாளுபவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். தலையில் தொப்பி, இடுப்பில் ஏப்ரன் இருக்கிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியும். எனக்கு இன்னொரு வழியும் உண்டு. முதலில் கடையின் கழிவறையை எட்டிப் பார்ப்பேன். அங்கே சவர்க்காரமும் தண்ணீரும் இல்லையென்றால், சமையல்காரர் கை கழுவுவது எங்கே?

சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறப்போட்டு வைக்கக்கூடாது. பகல் 11 மணிக்கு வைத்த தேங்காய்ப்பால் குழம்பையும் இறால் சம்பாலையும் 4 மணிக்குப் போய்ச் சாப்பிட்டால் வயிறு சும்மா இருக்குமா? “சுட வெச்சா சரியாப் போயிடும்” என்பதும் தவறு. சில கிருமிகள் உணவில் விட்டுவைக்கும் நஞ்சு, சுட வைத்தாலும் போகாது. மீந்ததைத் தாப்பாவ் செய்து வந்தால் உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

இலையில் என்ன இருக்க வேண்டும்?

சுகாதார அமைச்சு சொல்லும் “சுக்கு சுக்கு செப்பாரோ” கணக்கு வாழையிலைக்கும் பொருந்தும். இலையில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். ஆகவே காய்கறி வகை அதிகம் உள்ள கடையாகப் பாருங்கள். எல்லாமே எண்ணெயில் பொரித்து வைத்திருக்கும் கடையில் பெரியவர்கள் எதைத்தான் சாப்பிடுவார்கள்? பாட்டிக்கு வெள்ளிக்கிழமை சைவம் என்றால் அதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சோற்றைவிட ஏமாற்றுவது தண்ணீர் வகைதான். தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. சிராப் பண்டோங் அதற்கு அண்ணன். இனிப்புநீர்க்காரருக்கு “தே ஓ கொசோங்” கேளுங்கள். மற்றவர்களுக்கு “கூராங் மானிஸ்” என்று சொல்லிப் பழகுங்கள். டயாலிசிஸ் செய்பவர்கள், விருந்து என்றாலும் டாக்டர் சொன்ன தண்ணீர் அளவைத் தாண்டக்கூடாது.

கேக் வெட்ட வேண்டாமா என்று கேட்பீர்கள். வெட்டுங்கள். சின்னதாக வாங்கினால் போதும். பெரியவர் சாப்பிட்டு முடித்த பிறகு, விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கொடுங்கள். அன்றைக்குச் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். கிரீம் கேக்கைக் கார் சூட்டில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள்.

இடமும் காசும்

முட்டி வலிக்காரருக்கு மாடிக் கடை வேண்டாம். கீழ்த்தளத்தில், கழிவறைக்குப் பக்கத்தில் மேசை கேளுங்கள். இனிப்புநீர்க்காரரும் கர்ப்பிணியும் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். குந்தி உட்காரும் கழிவறை மட்டும் இருந்தால் வயதானவர்கள் பாடு கஷ்டம். சாப்பாட்டுக் கடைகளில் 2019 ஜனவரி 1 முதல் புகைபிடிக்கத் தடை உண்டு. பக்கத்து மேசையில் யாராவது பிடித்தால் கடைக்காரரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சில கடைகளில் சேவைக் கட்டணம் 10 சதவிகிதமும், சேவை வரி 6 சதவிகிதமும் பில்லில் ஏறும். முன்கூட்டியே கேளுங்கள். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் குடும்பம் கடன்பட்டு விருந்து வைத்தால், மாதக் கடைசியில் மருந்துக்கும் கிளினிக் போகும் பஸ்ஸுக்கும்தான் கை இழுக்கும். அதுவும் உடல்நலக் கணக்கில் சேர்ந்ததுதான்.

விருந்துக்குப் பிறகு யாருக்காவது வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரத்தம் போனாலோ, குழந்தை சோர்ந்து விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள்.

தோழர்களே, அடுத்த முறை வீட்டில் பிறந்தநாள் பேச்சு வந்தால் முதலில் அந்தப் பெரியவரிடமே கேளுங்கள்: “எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க, எது ஒத்துக்கும், எங்க போகலாம்?” அவர் சொல்வதற்கு ஏற்றபடி கடையைப் பாருங்கள். ஊசி, மாத்திரை நேரத்தில் சந்தேகம் இருந்தால், விருந்துக்கு இரண்டு நாள் முன்பே உங்கள் தோட்டத்துக் கிளினிக்கில் வந்து கேளுங்கள். சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம்.