தட்டிக்கொடுத்தால் போதுமா? உழைக்கும் குதிரைகளின் சுமையும் சுகமும்

புது தில்லி: 2022-ஆம் ஆண்டு குடியரசு தின அணிவகுப்பு முடிந்ததும், அப்போது ராஜபாதை என்று அழைக்கப்பட்ட சாலையில் ஒரு குதிரைக்குப் பிரியாவிடை அளிக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த 'விராட்' என்ற அந்தக் குதிரை அன்று பணி ஓய்வு பெற்றது. அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தும் பிரதமர் நரேந்திர மோடியும் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்து நெகிழ்ந்தது. படைத் தளபதியின் வாகனமாகப் பல ஆண்டுகள் அணிவகுத்த விராட், ராணுவத் தலைமைத் தளபதியின் பாராட்டுச் சான்றையும் பெற்றிருந்தது.

ஜனவரி மாதம் செங்கல் சூளைகளுக்கும் பருவகாலம். தில்லியின் எல்லையைத் தாண்டியதும் உத்தரப் பிரதேசத்தின் காஜியாபாத், பாக்பத் பக்கமும் ஹரியாணாவின் ஜஜ்ஜர் பக்கமும் சூளைப் புகைபோக்கிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அறுத்துக் காயவைத்த பச்சைக் கற்களைக் களத்திலிருந்து சூளைக்குக் கொண்டு சேர்ப்பவை குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான். மழைக்காலம் முடிந்து தொடங்கும் இந்த வேலை அடுத்த மழை வரும்வரை நீள்கிறது. இவற்றின் கழுத்தைத் தட்டிக்கொடுக்க ஒருவரும் வருவதில்லை. சேணம் உராய்ந்த இடத்தில் புண், சாக்குத் துணியும் பிளாஸ்டிக் கயிறும் சேர்த்துக் கட்டிய வார், லாடம் தேய்ந்த குளம்பு ஆகியவையே இவற்றின் அடையாளம்.

குதிரைக்கு உடல் பிடித்துவிடுவது, ஆங்கிலத்தில் மசாஜ் என்பது, இன்று உலகெங்கும் தனித் தொழிலாக வளர்ந்து வருகிறது. ஆனால் அதன் பலன் போய்ச் சேருவது பெரும்பாலும் பந்தயக் குதிரைக்கும் போலோ குதிரைக்கும்தான். நாளெல்லாம் சுமை இழுக்கும் குதிரைக்கு அந்தச் சுகம் எட்டுமா, எட்டினாலும் அது மட்டும் போதுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

தசையில் தொங்கும் உடல்

குதிரையின் உடலமைப்பை அறிந்தால் இந்தக் கேள்வியின் முக்கியத்துவம் விளங்கும். மனிதனுக்கு இருப்பதைப் போன்ற தோள்பட்டைக் காறை எலும்பு குதிரைக்கு இல்லை. முன்னங்கால்கள் எலும்பு மூட்டினால் அல்ல, தசைகளாலேயே உடலோடு இணைக்கப்பட்டுள்ளன. நெஞ்சுக்கூடு அந்தத் தசைகளுக்கிடையே ஊஞ்சல்போலத் தொங்குகிறது. நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. இதன்மேல் சேணம், சவாரி செய்பவர், வண்டி, செங்கல் என்று ஏறும் ஒவ்வொரு சுமையும் கழுத்து, தோள், முதுகுத் தசைகளைத்தான் முதலில் வருத்துகிறது.

அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களின் தசைப் பிடிப்பை நீக்கும் முறையைக் குதிரைகளுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டவர் ஜாக் மீகர். 1976-இல் மான்ட்ரீல் ஒலிம்பிக் போட்டியில் கலந்துகொண்ட அமெரிக்கக் குதிரையேற்றக் குழுவின் குதிரைகளுக்கு அவர் உடல் பிடித்துவிட்டார். அதன் பிறகே மேலை நாடுகளில் இது ஒரு துறையாக உருப்பெற்றது.

இதற்கு அறிவியல் ஆதரவும் ஓரளவு உண்டு. இரண்டு குதிரைகள் எதிரெதிரே நின்று ஒன்றன் கழுத்தடியை மற்றொன்று பற்களால் கோதிவிடுவதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். பிரான்சின் கமார்க் இனக் குதிரைகளை ஆராய்ந்த ஃபே, தெ மாசியேர் ஆகிய இருவரும், அவை விரும்பிக் கோதிக்கொள்ளும் கழுத்தடிப் பகுதியை மனிதர் கோதிவிட்டாலும் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். உடலின் வேறிடத்தில் கோதியபோது அந்த விளைவு தென்படவில்லை. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுப் பகுதியைப் பிடித்துவிடுவது குதிரையின் பதற்றத்தைத் தணிக்கிறது என்று 2004-இல் வெளியான தொடக்கநிலை ஆய்வு ஒன்றும் தெரிவித்தது.

சுகம் கண்ட குதிரை தலையைத் தாழ்த்தும். கண் பாதி மூடும். கீழுதடு தளரும். வலி இருந்தால் காதைப் பின்னுக்குச் சாய்க்கும், தோலைச் சிலிர்க்கும், விலகி நிற்கும். வாயில்லாப் பிராணி என்கிறோம். ஆயினும் கை வைத்தவருக்கு அது சொல்லும் சேதி தெளிவானதே.

நம்மிடமிருந்து சென்ற கலை

இந்தக் கலை மேலை நாட்டிலிருந்து இறக்குமதியானது என்று எண்ணினால் அது பிழையாகும். தலைமுடி கழுவப் பயன்படும் 'ஷாம்பு' என்ற ஆங்கிலச் சொல்லே, உடலை அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் ஹிந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் அது அந்தப் பொருளிலேயே வழங்கியது.

குதிரை மருத்துவத்தின் தந்தையாக இந்திய மரபு போற்றுவது சாலிஹோத்ரரை. வட இந்தியாவில் கால்நடை வைத்தியரைக் குறிக்க வழங்கிய 'சலோத்ரி' என்ற சொல் அவர் பெயரிலிருந்தே வந்தது. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம் குதிரைகளுக்கென்று தனி அதிகாரியை நியமித்து, லாயத்தின் அமைப்பு முதல் தீவனத்தின் அளவு வரை வகுத்துரைக்கிறது. நாள்தோறும் இருமுறை குதிரையைக் குளிப்பாட்டி, நறுமணப் பூச்சும் மாலையும் இட வேண்டும் என்கிறது. அத்துடன் அது நிற்கவில்லை. மருத்துவத்தில் நேர்ந்த தவறால் நோய் முற்றினால் அபராதம், குதிரை இறந்துபோனால் அதன் விலையே அபராதம் என்று பொறுப்பையும் சுமத்துகிறது.

பராமரிக்கும் கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு பழைய சாட்சியம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, பெரும்பொருள் கொடுத்துக் கப்பல் கப்பலாக இறக்கப்பட்ட குதிரைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்தன என்கிறார். குதிரை பேணும் வகை அறிந்தவர்கள் இல்லாததே காரணம் என்பது அவர் கருத்து. பணத்தால் குதிரையை வாங்கிவிடலாம். அதைப் பேணும் கையை வாங்குவது எளிதன்று.

வட நாட்டில் அந்தக் கைக்குச் சொந்தக்காரர் 'சாயீஸ்' எனப்படும் குதிரைக்காரர். வியர்வை அடங்கியதும் வைக்கோல்புரியால் உடல் முழுவதும் தேய்ப்பது, உள்ளங்கையாலும் முன்கையாலும் தசைகளை அழுத்துவது, கால்களை மேலிருந்து கீழாக உருவிவிடுவது ஆகியவை அவருடைய அன்றாட வேலைகள். எந்தக் கல்லூரியிலும் பயிலாமல் தந்தையிடமிருந்து மகன் கற்ற கலை இது. ஜெய்ப்பூரில் நிலைகொண்ட, 1953-இல் உருவாக்கப்பட்ட 61-ஆவது குதிரைப் படையிலும், பந்தய லாயங்களிலும் இந்த மரபின் தொடர்ச்சியைக் காணலாம். மற்ற இடங்களில் குதிரையோடு சேர்ந்து குதிரைக்காரரும் மறைந்து வருகிறார்.

பாதியாகச் சுருங்கிய எண்ணிக்கை

2012-இல் நாட்டில் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. கோவேறு கழுதைகள் சுமார் 1.96 லட்சத்திலிருந்து 84 ஆயிரமாகச் சரிந்தன. கழுதைகள் 3.2 லட்சத்திலிருந்து 1.24 லட்சமாயின. ஏழே ஆண்டுகளில் நேர்ந்த வீழ்ச்சி இது.

நகரங்களில் குதிரை வண்டிகளின் காலமும் முடிந்துவருகிறது. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை ஒட்டிய காலத்தில் பழைய தில்லியின் டோங்காக்கள் சாலையிலிருந்து அகற்றப்பட்டன. மும்பையில் உல்லாச சவாரிக்கு ஓடிய விக்டோரியா வண்டிகளைச் சட்டவிரோதமானவை என 2015-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அறிவித்தது.

எண்ணிக்கை குறைந்ததால் எஞ்சியவற்றின் பாரம் குறைந்துவிடவில்லை. இயந்திரம் புக முடியாத இடத்திலும், இயந்திரத்துக்குப் பணம் இல்லாதவரிடத்திலும்தான் அவை இன்று உழைக்கின்றன. சூளையில் கொண்டு சேர்க்கும் செங்கல்லின் எண்ணிக்கைக்கே கூலி. வண்டி ஓட்டுபவரும் முன்பணக் கடனில் கட்டுண்டவராகவே பெரும்பாலும் இருக்கிறார். ஒருநாள் குதிரைக்கு ஓய்வு என்றால் ஒருநாள் அவர் வீட்டு அடுப்புக்கும் ஓய்வு. கொடுமை என்று அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது, நியாயம் ஆகாது.

உத்தரகண்டின் கேதார்நாத் பாதையிலும் இதே நிலைதான். கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் ஏறி, 3,500 மீட்டருக்கும் உயரமான இடத்தை அடைய வேண்டும். பல்லாயிரம் யாத்ரீகர்களை முதுகில் ஏற்றிச் செல்பவை குதிரைகளும் கோவேறு கழுதைகளுமே. இறங்கிய கையோடு அடுத்த சவாரிக்கு அவற்றைத் திருப்பும் வழக்கம் குறித்து ஆண்டுதோறும் புகார் எழுகிறது. 2025 மே மாதத் தொடக்கத்தில் நோயால் விலங்குகள் மடிந்ததை அடுத்து அவற்றின் போக்குவரத்தே தாற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், சோன்பிரயாகிலிருந்து கேதார்நாத்துக்கு 12.9 கிலோமீட்டர் நீளத்தில் கம்பிவடப் பாதை அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ளது. அது விலங்குகளின் சுமையை இறக்கக்கூடும். அவற்றை நம்பி வாழும் மலைக் கிராமத்துக் குடும்பங்களுக்கு மாற்று வழி என்ன என்பதையும் அரசு இப்போதே யோசிக்க வேண்டும்.

காகிதத்தில் உறங்கும் விதிகள்

சட்டம் இல்லாமல் இல்லை. வண்டி மற்றும் பொதி விலங்குகளுக்கான வதைத் தடுப்பு விதிகள் 1965-லேயே இயற்றப்பட்டன. கோவேறு கழுதையின் முதுகில் 200 கிலோவுக்கு மேலும், மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேலும், கழுதையின் முதுகில் 50 கிலோவுக்கு மேலும் பொதி ஏற்றக்கூடாது. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடையே ஓய்வு தராமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பகுதிகளில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையே கூடாது. முள் பதித்த கடிவாளமும் சேணமும் தடை செய்யப்பட்டவை.

மே மாத நண்பகலில் வட இந்தியச் சூளைகளை எட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்த விதிகளின் கதி புரியும். இவற்றுக்குத் தாய்ச் சட்டமான 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியவருக்கு முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அந்தத் தொகைக்கு இன்று தலைநகரில் நல்ல காப்பி கிடைப்பதும் அரிது. தண்டனையை உயர்த்தும் திருத்த வரைவை 2022-இல் மத்திய அரசு வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

கை செய்யக்கூடியது என்ன?

அதிகச் சுமை, குறைந்த தண்ணீர், ஓய்வற்ற நாள் ஆகிய மூன்றும் தொடரும்வரை உடல் பிடித்துவிடுவது வெறும் சடங்காகவே முடியும். காய்ச்சல் கண்ட குதிரையையும், புதுக் காயம் பட்டதையும், தசைகள் இறுகி நடக்க முடியாமல் நிற்பதையும் பிடித்துவிடக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரு குதிரைக்குப் பயன்படுத்திய சீப்பையும் தூரிகையையும் கழுவாமல் மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் தோல் நோய் பரவும். மருத்துவத்துக்கு மாற்றாக இதை விளம்பரப்படுத்துவோரிடம் எச்சரிக்கை தேவை.

ஆயினும் வேலை முடிந்த மாலையில் பத்து நிமிடம் குதிரையின் உடலைக் கையால் தடவிப் பார்ப்பவருக்கு, சேணத்தடியில் புண் தோன்றும் முன்னரே அங்குள்ள சூடு தெரிந்துவிடும். காலின் வீக்கமும் குளம்பின் கல்லும் தெரிந்துவிடும். நாளைக்கு நொண்டப்போகும் குதிரையை இன்றே அடையாளம் காணலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. நொண்டும் குதிரையால் இழக்கும் கூலியையும் வைத்தியச் செலவையும் எண்ணினால், ஏழை உரிமையாளருக்கு இது ஆதாயமும்கூட.

முதல் உலகப் போரில் கைவிடப்பட்ட குதிரைகளுக்காக 1934-இல் கெய்ரோவில் டோரதி புரூக் தொடங்கிய மருத்துவமனையின் வழிவந்த புரூக் அமைப்பு, இந்தியச் சூளைகளிலும் கிராமங்களிலும் இந்த வழியில் பணியாற்றி வருகிறது. உரிமையாளர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் விலங்கை மற்றவர் சோதித்து, புண்ணையும் குறையையும் தாங்களே கணக்கெடுக்கும் முறை அது. பழிக்கப்படும்போது திருந்தாதவர்கள் பங்கேற்கும்போது மாறுகிறார்கள் என்பதே அதன் பாடம்.

அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. ஹிசாரில் குதிரை இனங்களுக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. அதன் அறிவும் சாயீஸ்களின் கைப்பழக்கமும் இணைந்து, சூளை வாசலுக்கும் மலைப்பாதைக்கும் பயிற்சியாகச் செல்ல வேண்டும். குதிரைக்காரரின் திறன் சான்றளிக்கத்தக்க தொழில்திறனாக அங்கீகரிக்கப்பட வேண்டும். சூளைக்கு உரிமம் வழங்கும்போதே விலங்குகளுக்கு நிழலும் தண்ணீரும் இருப்பதை மாவட்ட நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும். சுமை வரம்பை மீறும் பொறுப்பு, வண்டி ஓட்டுபவரோடு நில்லாமல் சூளை முதலாளியையும் சவாரி ஒப்பந்ததாரரையும் சேர வேண்டும்.

தலைநகரில் எழும் ஒவ்வொரு அடுக்குமாடியின் செங்கல்லிலும் ஒரு குதிரையின் உழைப்பு கலந்திருக்கக்கூடும். அந்தக் குதிரை நம்மிடம் கேட்பது பாராட்டுச் சான்றை அல்ல. 1965-இலேயே எழுதிக்கொடுத்த ஓய்வையும் நிழலையும்தான். அவற்றைக் கொடுத்த பிறகு அதன் கழுத்தை நீவிவிடும் கைக்கே அர்த்தம் உண்டு.