உங்களுக்குத் தெரியுமா? கொடைக்கானல் இறக்கமும் காரின் பின் ஆக்ஸிலும்

● வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் கிளம்புகிறவர்கள் டயரில் காற்று, பிரேக், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பின் ஆக்ஸிலைப் பாடியோடு பிணைக்கும் ரப்பர் புஷ்ஷைக் குனிந்து பார்ப்பவர் அபூர்வம். கொண்டை ஊசி வளைவில் காரின் பின்பாதி எந்தப் பக்கம் போகும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

● ஆக்ஸிலின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் இல்லாத ஏற்பாடு! ஆனால் ஒவ்வொரு பக்கத்து ஆக்ஸிலும் மடங்குவது ஓர் இடத்தில்தான், நடுவே டிஃபரென்ஷியலை ஒட்டி. சக்கரத்தருகே மூட்டு கிடையாது. ஆக்ஸில் சாய்ந்தால் சக்கரமும் கூடவே சாயும். கொடைக்கானல் சாலையின் டம்டம் பாறைப் பக்கம் வேகமாக இறங்கும்போது வளைவின் நடுவில் சட்டென்று பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும்? பாரம் முன்னுக்குப் போகும், பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். டயரின் ஓரம் மட்டும் தார் மேல் நிற்க, பிடி விட்டுப் பின்பக்கம் வெளியே வீசும்.

● 1972-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த கெஸல் காரில், கமான் பட்டை மேல் உட்கார்ந்த ஒரே ஆக்ஸிலுக்குத் திரும்பினார்கள். நம் சாலைகளுக்கு அதுவே சரியான முடிவு.

● அமெரிக்காவின் செவ்ரோலே கார்வேரிலும் ஹெரால்டின் இதே கோளாறு. வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புத்தகம் அதை அம்பலப்படுத்தியது. அந்த ஆண்டு மாடலில் சக்கரத்தருகே இரண்டாவது மூட்டு வந்துவிட்டது.

● இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் இடமும் வலமும் ஒவ்வொரு புஷ்தான் பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கிறது. இடப்பக்க வளைவில் ரப்பர் நசுங்கினால் பின்சக்கரங்கள் மயிரிழை அளவு வலப்பக்கம் பார்க்கும், திருப்பத்துக்கு எதிர்த்திசை. இதைச் சரிக்கட்டவே 1983-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபில் புஷ்ஷின் வடிவத்தை மாற்றி அமைத்தார்கள்.

● தேய்ந்த புஷ்ஷைக் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்பீடு பிரேக்கரில் பின்னால் 'டொக்' என்று கேட்கும். வண்டியைத் தூக்கி, லீவர் கொடுத்து நெம்பச் சொல்லுங்கள். ரப்பர் வெடித்து, உள் இரும்புக் குழாயைச் சுற்றி இடைவெளி தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். ஒரு பக்கம் மட்டும் போதும் என்று மெக்கானிக் சொன்னாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே அளவு நசுங்காது.