மஞ்சள் பிடி மடக்குக் கத்தி: ஸ்பெக் ஷீட்டில் தோற்றும் ஏன் விற்கிறது?

இன்னைக்கு எபிசோடு ஒரு கத்தியைப் பத்தி. பயப்படாதீங்க, சமையல் கத்தியைவிடச் சின்னது. நம்ம ஊர்ல பேனாக்கத்தி என்று சொல்வோமே, அந்த வகை. அமெரிக்காவில் தயாராகிற மடக்குக் கத்தி, பளிச்சென்ற மஞ்சளில் ஒரு பிளாஸ்டிக் பிடி. போன வருஷம் அங்கிருந்து வந்த டீம்மேட் ஒருத்தர் செக்-இன் பெட்டியில் வைத்து எனக்கு ஒன்று கொண்டுவந்தார். அதிலிருந்து இந்தக் கிறுக்கு ஆரம்பம்.

இன்ஜினியர் புத்தி, முதலில் ஸ்பெக் ஷீட்டைத்தான் பார்த்தேன். எல்லா வரியிலும் தோற்கிறது. இன்றைய மாடர்ன் மடக்குக் கத்தியை ஒரே கையால் திறக்கலாம். இதற்கு இரண்டு கையும் வேண்டும், கொஞ்சம் கட்டைவிரல் நகமும் வேண்டும். அது திறந்ததும் லாக் ஆகும். இதில் லாக்கே கிடையாது. அது லேசில் துருப்பிடிக்காது. இதில் ஒரு மாங்காயை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் மறுநாள் கறை. அதை பேன்ட் பாக்கெட்டில் மாட்ட கிளிப் உண்டு. இது சில்லறையோடு அடியில் கிடக்கும். இருந்தாலும் விற்கிறது. வாங்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்களும் இல்லை, பலரிடம் அந்த மாடர்ன் கத்தியும் இருக்கிறது. அப்புறம் ஏன் இது?

மஞ்சள் பிடி என்றதும் கத்திப் பிரியர்கள் முதலில் சொல்கிற பெயர் டபிள்யூ. ஆர். கேஸ் அண்ட் சன்ஸ். கேஸ் என்றால் சிலிண்டரும் இல்லை, கோர்ட்டும் இல்லை, குடும்பப் பெயர். கேஸ் சகோதரர்கள் 1889-ல் நியூயார்க் மாநிலத்தின் லிட்டில் வேலியில் கத்தி வியாபாரத்தைத் தொடங்கினார்கள். 1905-ல் கம்பெனி பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டுக்கு வந்தது, இன்றும் அங்கேதான். ஸிப்போ லைட்டரும் அதே ஊர்தான். 1993-ல் ஸிப்போ இந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது. வேறு கம்பெனிகளும் மஞ்சள் பிடி போடுகின்றன. இன்றைக்கு கேஸை வைத்தே பேசுவோம்.

எனக்கு முதலில் பிடித்தது கத்திகூட இல்லை, அதன் நம்பர். பிளேடின் அடியில் ஒரு எண் பொறித்திருப்பார்கள். 3254 என்று வைத்துக்கொள்ளுங்க. முதல் இலக்கம் 3 என்றால் மஞ்சள் பிடி. அடுத்த 2, இரண்டு பிளேடு. கடைசி 54 டிசைனின் எண், டிராப்பர் என்று பெயர். அதே கத்தி எலும்புப் பிடியில் வந்தால் 6254. இப்போ 3318-ஐ நீங்களே படித்துவிடலாம்: மஞ்சள், மூன்று பிளேடு, 18-ஆம் டிசைன். டேட்டாபேஸ் என்ற வார்த்தையே இல்லாத காலத்தில் யாரோ இவ்வளவு சுத்தமாக ஒரு ஸ்கீமா போட்டிருக்கிறார். விதிவிலக்குகள் உண்டு; எந்த லெகஸி சிஸ்டத்தில்தான் இல்லை? தயாரித்த வருஷத்துக்கும் ஒரு வழி வைத்தார்கள். 1970-ல் முத்திரையில் பத்துப் புள்ளிகள், 1971-ல் ஒன்பது, இப்படிக் குறைந்துகொண்டே போய் 1979-ல் ஒரே ஒரு புள்ளி.

சரி, ஏன் மஞ்சள்?

விவசாயி வயலில் வேலை செய்யும்போது கத்தி கீழே விழுகிறது. எலும்புப் பிடி காய்ந்த புல்லுக்குள் போனால் போனதுதான். மஞ்சள் கண்ணில் பட்டுவிடும். வெளிச்சத்தில் நம் கண் அதிகமாக உணர்வது பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் உள்ள நிறத்தைத்தான், ஏறக்குறைய 555 நானோமீட்டர் அலைநீளம். டென்னிஸ் பந்து வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறியதும் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றுதான். இன்னொரு காரணம் விலை. எலும்புக்குச் சாயம் ஏற்றி, அறுத்து, வரி போட்டுச் செய்கிற பிடியைவிட பிளாஸ்டிக் மலிவு. அதனால் மஞ்சள் என்றாலே வேலைக்காரக் கத்தி என்று அர்த்தமாகிவிட்டது. கீறல் விழுந்தால் மனசு வலிக்காது.

அந்த பிளாஸ்டிக்குக்கும் ஒரு கதை இருக்கிறது. பழைய மஞ்சள் பிடிகள் செல்லுலாய்டு, அந்தக் கால சினிமா ஃபிலிம் சுருளில் இருந்த அதே வகைப் பொருள். சீக்கிரம் தீப்பிடிக்கும். பல வருஷம் கழித்துத் தானாகவே சிதையத் தொடங்கினால் அமில வாயு கக்கும். பெட்டியில் பூட்டி வைத்த கத்தியின் பிளேடையே அரித்துவிடும். இன்றைய பிடி டெல்ரின், டூபான்ட் கம்பெனி 1960 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக். பற்சக்கரம், ஜிப், கிட்டார் பிக் எல்லாம் இந்த வகைப் பொருளில் செய்கிறார்கள். தண்ணீரில் ஊறாது, எளிதில் உடையாது.

இப்போ லாக் இல்லாத விஷயத்துக்கு வருவோம். இந்த வகை மூட்டுக்கு ஸ்லிப்ஜாயின்ட் என்று பெயர். பிடியின் முதுகுப்பக்கம் ஒரு எஃகுப் பட்டை, அதுதான் ஸ்பிரிங். பிளேடின் அடிப்பாகம் அந்தப் பட்டையை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். நகத்தால் இழுத்துத் திறக்கும்போது ஸ்பிரிங் மேலே எழும்பி, முழுசாகத் திறந்ததும் "டக்" என்று உட்காரும். மூடும்போதும் அப்படியே. இதற்கு வாக் அண்ட் டாக் என்று அமெரிக்கர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், அதாவது நடையும் பேச்சும். நடை என்றால் பிளேடு எவ்வளவு வழுவழுப்பாகச் சுழல்கிறது என்பது. பேச்சு அந்த "டக்". என் கத்தி நன்றாகவே பேசும், மீட்டிங்கில் கேமராவோடு மைக்கும் ஆஃப் பண்ணணும்.

ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே பிளேடைப் பிடித்திருப்பதால், குத்தினால் அது விரல்மேல் மடங்கலாம். இழுத்து வெட்டினால் அந்த ஆபத்து குறைவு. இங்கிலாந்துச் சட்டம் இந்த வித்தியாசத்தையே கோடாகப் போட்டிருக்கிறது: லாக் இல்லாத, வெட்டும் விளிம்பு 3 இன்ச்சுக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மேல் போகாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. லாக் இருந்தால் காரணம் சொல்லணும். நம்ம ஊர்ல இதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏர்போர்ட் செக்யூரிட்டி பக்கம் போகாதீங்க. வீட்டு டிராயர், பைக் பெட்டி எல்லாம் போகும் பயணம் வேறு, ஃபிளைட் கேபின் வேறு.

கடைசியாக எஃகு. என் கணக்கில் இந்தக் கத்தியின் உயிர் இதில்தான் இருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் சிவி என்று இரண்டு எழுத்து பார்த்தால், அது குரோமியமும் வனேடியமும் கொஞ்சம் சேர்த்த கார்பன் எஃகு. ஸ்டெயின்லெஸ் என்று சொல்ல வேண்டுமானால் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாவது வேண்டும். இதில் அவ்வளவு கிடையாது. அதனால் துருப்பிடிக்கும். ஆனால் பழம், வெங்காயம் என்று வெட்ட வெட்ட, அதன் அமிலம் பட்டு பிளேடு சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும். பாட்டி வீட்டு அருவாமனையின் இரும்பு கருத்திருக்குமே, அது மாதிரி. இது சிவப்புத் துரு இல்லை. மேலே படிந்த மெல்லிய படலம், துரு வருவதைக் கொஞ்சம் தள்ளியும் போடும். என் பிளேடில் மாங்காய் போட்ட வரைபடம் ஒன்று இருக்கிறது, அந்தமான் தீவுகள் மாதிரி.

கூர்மை விஷயத்தில் மாடர்ன் எஃகு ஜெயிக்கிறது. 2001-ல் வந்த எஸ்30வி என்ற எஃகில் 4 சதவீதம் வனேடியம். அது கார்பனோடு சேர்ந்து மிகக் கடினமான துகள்களாக உள்ளே நிற்கும். சாதாரண சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிட அந்தத் துகள் கடினம். அதனால் கூர் ரொம்ப நாள் நிற்கிறது. சரி, ஒருநாள் மழுங்கியதும்? கல்லைவிடக் கடினமானதை அந்தக் கல்லில் எப்படித் தேய்ப்பது? வைரத்தூள் தட்டு வாங்கணும், பொறுமை வேண்டும். என்னிடமும் அப்படி ஒரு கத்தி இருக்கிறது. மழுங்கி எட்டு மாசம் ஆகிறது.

ஆன்-கால் டியூட்டி பார்க்கிற நண்பர்களுக்கு இது உடனே புரியும். எம்டிபிஎஃப், எம்டிடிஆர் என்று இரண்டு எண்கள் வைத்திருப்போம். முதலாவது, இரண்டு கோளாறுகளுக்கு நடுவில் சராசரியாக எவ்வளவு நேரம். இரண்டாவது, விழுந்த சிஸ்டம் எழுந்து நிற்க எவ்வளவு நேரம். ஸ்பெக் ஷீட் எப்போதும் முதல் எண்ணைத்தான் விளம்பரப்படுத்தும். ராத்திரி மூணு மணிக்கு அலர்ட் வந்து எழுந்து உட்கார்ந்தவனுக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். மஞ்சள் பிடி அடிக்கடி மழுங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாதாரணக் கல்லில் பத்து நிமிஷம், மறுபடி தக்காளித் தோலை வழுக்காமல் வெட்டும். கல் இல்லையா? காபி மக்கைக் கவிழ்த்தால் அடியில் மினுமினுப்பு பூசாத சொரசொர வளையம் இருக்கும். அதில் 20 டிகிரி போலச் சாய்த்து இரண்டு பக்கமும் சில தடவை இழுத்தால் சமாளிக்கிற அளவு கூர் வந்துவிடும். கடை வேண்டாம், ஸ்பெஷல் டூல் வேண்டாம், யூடியூப் குருவும் வேண்டாம். சொந்தக்காரனே சரிசெய்யக்கூடிய கத்தி. நான் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் நிறமும் இல்லை, பழமையும் இல்லை, இதுதான்.

பழமை விற்கிறதா என்றால், விற்கிறதுதான். அமெரிக்காவில் பலருக்கு மஞ்சள் கத்தி என்றால் தாத்தாவின் சட்டைப்பை. கம்பெனிக்கும் அது தெரியும். இதில் எனக்கு எரிச்சல் வருவது ஒரு கூட்டத்தைப் பார்த்துத்தான்: புள்ளி எண்ணி வாங்கி, ஒரு ஆப்பிள்கூட வெட்டாமல், எண்ணெய் தடவி அலமாரியில் அடுக்குகிறவர்கள். எலும்பு, மான் கொம்பு பிடிகளை அப்படி வைத்தால்கூடப் பரவாயில்லை. புல்லில் விழுந்தால் எடுக்கத்தானே இதற்கு மஞ்சள் அடித்தார்கள்?

கமென்ட்ல நிச்சயம் வரப்போகிற கேள்விக்கு இப்பவே பதில்: எதை வாங்கலாம்? டிராப்பர் மூடியபடியே 10.5 செ.மீ. நீளம், பொறி வைத்து விலங்கு பிடிக்கிறவர்களுக்காக வந்த டிசைன். அதன் இரண்டாவது பிளேடு நுனி மழுங்கலாக இருக்கும், தோல் உரிக்கும்போது ஓட்டை விழக்கூடாது என்று. அபார்ட்மென்ட்டில் பார்சல் டேப்பும் கொய்யாப்பழமும் வெட்டுகிற நமக்கு அது அதிகம். 3220, பீனட் என்கிற குட்டி டிசைன், மூடினால் 7.3 செ.மீ., போதும். வாங்கும்போது சிவி இருக்கிறதா என்று பாருங்க, மஞ்சளிலேயே ஸ்டெயின்லெஸும் வருகிறது. வெட்டி முடித்ததும் துணியால் துடைத்து மூடுங்க. மூட்டுக்கு மாசம் ஒரு சொட்டு எண்ணெய். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் லிக்விட் பாரஃபின் என்று கேளுங்க. மலச்சிக்கலா என்று கேட்பார், ஆமா என்று சொல்லிவிட்டு வாங்கிட்டு வந்துடுங்க.