ஈரலில் கொழுப்பு, இரத்தத்தில் சர்க்கரை: தம்பதியர் அறிய வேண்டியவை



வயிற்று வலிக்கென்று ஸ்கேன் எடுக்கப் போனவருக்கு, "ஈரலில் கொழுப்பு உள்ளது" என்று எழுதித் தருகிறார்கள். வலி நின்றதும் அந்தச் சீட்டு பீரோவுக்குள் போய்விடுகிறது. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார் கணவர். வேலைப் பளுவில் மனைவியும் மறந்து விடுகிறார். சில ஆண்டுகள் கழித்துச் சர்க்கரை நோய் என்று தெரியும்போதுதான் அந்தச் சீட்டு நினைவுக்கு வருகிறது. அது முன்கூட்டியே சொன்ன சேதி என்ன?

ஈரலும் சர்க்கரையும்

கல்லீரல் நம் உடம்பின் களஞ்சியம். உண்ட உணவிலிருந்து வரும் சர்க்கரையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, நாம் தூங்கும்போது சிறுகச் சிறுக இரத்தத்துக்குக் கொடுக்கிறது. "போதும், நிறுத்து" என்று அதற்குக் கட்டளையிடுவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். உணவு மிகுந்து உழைப்புக் குறைந்தால், மிஞ்சியது கொழுப்பாக மாறி ஈரலில் தங்குகிறது. அப்படிப்பட்ட ஈரல் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. வேண்டாத நேரத்திலும் சர்க்கரையை வெளியே விடுகிறது. காலையில் வெறும் வயிற்றிலேயே சர்க்கரை ஏறி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"நான் குடிக்கிறதே இல்லீங்களே?"

குடிக்காதவர்களுக்கும் இது வரும். மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னையில் 541 பேரைப் பரிசோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு 32 பேருக்கு, குடியால் வராத ஈரல் கொழுப்பு இருந்தது. சர்க்கரை நோயாளிகளிலோ பாதிக்கு மேற்பட்டோருக்கு இருந்தது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிச் சுற்றுப்புறத்தில் ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகள் இன்று ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். நடவும் அறுப்பும் போயின. தட்டில் சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த தாய்மார்களும் கவனமாக இருக்க வேண்டும்.

பரிசோதனைச் சீட்டைப் படிப்பது எப்படி?

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்பவை ஈரல் அணுக்களுக்குள் இருக்கும் நொதிகள். அணுக்கள் புண்பட்டால் இவை இரத்தத்தில் கசிகின்றன, கீறல் விழுந்த பானையில் தண்ணீர் கசிவது போல. பல பரிசோதனைக் கூடங்களில் இவற்றின் மேல்வரம்பு 40 யூனிட்டை ஒட்டி இருக்கும். இரண்டில் எஸ்.ஜி.பி.டி.தான் ஈரலை அதிகம் சுட்டுவது. மஞ்சள் காமாலைக் கிருமி, மது, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் இவை ஏறும். எனவே காரணத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று: எண் சரியாக இருப்பதால் ஈரலில் கொழுப்பு இல்லை என்று ஆகாது. கொழுப்பு இருந்தும் நொதிகள் ஏறாதவர்கள் பலர்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் இருந்தால் மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும். ஸ்கேனில் கொழுப்பு என்று வந்தவர்கள் சர்க்கரையையும், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஈரலையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

என்ன செய்யலாம்?

1. எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ குறைந்தால் ஈரலின் புண்ணும் ஆற வழியுண்டு. பட்டினி கிடந்து அவசரமாகக் குறைப்பது தீங்கு.

2. வாரத்தில் 5 நாளாவது அரை மணி நேரம் வேகமாக நடங்கள். இருவரும் சேர்ந்தே போகலாமே!

3. சோற்றைக் குறைத்து, கீரை, காய், பருப்பு, சுண்டலைக் கூட்டுங்கள். டீயில் சர்க்கரையும் பாட்டில் குளிர்பானமும் வேண்டாம்.

4. மதுவை அறவே விடுங்கள்.

5. "ஈரலைச் சுத்தம் பண்ணும்" என்று விற்கும் பொடி, லேகியங்களை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். அவற்றில் சில ஈரலையே கெடுத்துவிடும்.

கவனியாமல் விட்டால் சிலருக்கு ஈரல் தழும்பேறிச் சுருங்கிப் போகும், மாரடைப்புக்கும் இடமுண்டு. கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல், இரத்த வாந்தி, கறுத்த மலம் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் ஈரல் கொழுப்பு நோயும் 2021-இல் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையைச் சோதித்துக் கொள்ளலாம்.

தம்பதியரே! இருவரும் உண்பது ஒரே பானைச் சோறு. ஆகவே ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று வைக்காமல், வீடு முழுவதும் உணவை மாற்றுங்கள். பீரோவில் பழைய ஸ்கேன் சீட்டு இருந்தால் இன்றே எடுத்து வையுங்கள். நாளைக் காலை வெறும் வயிற்றோடு, இரண்டு பேருமாகப் பரிசோதனைக்கு வாருங்கள்.