நீலவேணிக்கு மைலேஜ் எவ்வளவு?

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம். குடைவரைக்குள் பள்ளிகொண்ட ரங்கநாதரைச் சேவித்துவிட்டு மலையிலிருந்து இறங்கினால், அடிவாரத்து டீக்கடையில் ஒரே கூச்சல். சொத்துத் தகராறோ என்று எட்டிப் பார்த்தேன். பைக் தகராறு!

நடுவில் ஒரு பெரியவர், அறுபத்தைந்து இருக்கும். பக்கத்தில் அவருடைய பழைய புல்லட். செல்ஃப் ஸ்டார்ட்டெல்லாம் கிடையாது. மூட்டு தேய்ந்துவிட்டது, இனிமேல் வண்டியை உதைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிஷனாகச் சொல்லிவிட்டாராம். "வித்துடலாமா?" என்று மனுஷர் வாய்தவறிக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், ஆளுக்கொரு கட்சி!

"தள்ளிவிட்டுடுங்க பெரியப்பா" என்றான் மெக்கானிக் பையன். "வார்ப்பிரும்பு சிலிண்டரு. சூடு லேசுல இறங்காது. எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. எங்க பார்த்தாலும் ஆயில் கசியுது."

"கசிஞ்சாத்தான்டா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம்!" என்றார் பெரியவர்.

ஒரு ரிட்டயர்டு வாத்தியார் எஸ்டிக்குக் கொடி பிடித்தார். உதைக்கிற கம்பியையே மடக்கிவிட்டால் கியர் கம்பி. "அந்த மூளை இப்ப எவனுக்கு இருக்கு?" மைசூரிலிருந்த அந்த ஃபேக்டரி 1996-ல் மூடிவிட்டதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது.

அதே 1996-ல்தான் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் நின்றது. வெறும் 98 சி.சி. ஆனால் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பறக்கும். மெக்கானிக் பையனுக்கு உயிர். அதிலென்ன விசேஷம் என்று கேட்டேன்.

"டூ ஸ்ட்ரோக் சார். பிஸ்டன் ஒரு தடவை மேலே போய் வந்தா ஒரு வெடி. ஃபோர் ஸ்ட்ரோக்குல ரெண்டு தடவைக்குத்தான் ஒண்ணு. அதான் அந்த இழுவை."

"அப்புறம் ஏன் மைலேஜ் கிடைக்கல?"

தலையைச் சொறிந்தான். "எரிஞ்ச புகை வெளியே போறப்ப, எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே ஓடிடுது சார்."

பி.காம். படித்தவனுக்குப் புரியாதா! வரவு எழுதும்போதே செலவும் எழுதுகிற கணக்கு. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஃபோர் ஸ்ட்ரோக்கோடு வந்து, மைலேஜைக் காட்டியே மாதச் சம்பளக்காரர்களை வளைத்துப் போட்டது இதனால்தான். வேகமா, சிக்கனமா? இரண்டையும் ஒரே எஞ்சினில் கேட்டால், "ஏதாவது ஒண்ணை விடுங்க சார்" என்கிறான் பையன்.

"குறையே இல்லாத வண்டி ஒண்ணுதான்" என்றார் டீ மாஸ்டர். "நம்ம தேசிங்கு ராஜா ஏறின நீலவேணி!"

"குதிரைல குறையில்ல. ஓட்டினவர்கிட்ட இருந்தது" என்றார் வாத்தியார். சண்டைக்கு உத்தரவு கேட்டு வந்த தேசிங்கைப் பார்த்து, வேண்டாம் என்று ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கேட்காமல் போனார். 1714-ல், ஆற்காட்டு நவாப் படையோடு நடந்த சண்டையில் உயிர் போயிற்று.

பெரியவர் தன் மூட்டைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சாவியை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீங்க உதைங்க."

என் வண்டி செல்ஃப் ஸ்டார்ட். கட்டைவிரலுக்கு மேல் உழைத்துப் பழக்கமில்லை!

"அவசரப்படாதீங்க. மெதுவா அமுக்குங்க... அம்மீட்டர் முள் நடுவுல வருதா? இப்ப டீகம்ப்ரஷரைப் பிடிச்சு இன்னும் ஒரு சிட்டிகை அமுக்கி விடுங்க. இப்ப முழுசா உதைங்க. தப்பா உதைச்சா திருப்பி அடிக்கும், ஜாக்கிரதை."

முதல் உதை, ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு இருமல். மூன்றாவதில்... தட் தட் தட் தட்!

பெரியவர் ஏறி உட்கார்ந்தார். வலது காலால் கியரைப் போட்டவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சென்னைங்க."

"அடடா" என்றார். "தினம் வர்றது கஷ்டம்தான்."