மாலை ஐந்துக்கு மேல் என்ன விலை?

நேரத்துக்கு ஒரு மின்கட்டணம் என்கிறது மத்திய அரசின் விதி. கொல்கத்தா வீடுகளில் அது நுழைந்தால் யாருக்கு லாபம், யார் தலையில் சுமை?

டிசம்பர் மாதம் தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. சென்னையில் அந்த நேரத்தில் வெயில் இன்னும் மொட்டைமாடியை விட்டு இறங்கியிருக்காது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம். கிழக்குக் கோடியில் இருப்பவர்களுக்கு அதனால் வந்த வினை இது. கல்கத்தாவுக்கென்று தனி நேரம் 1948 வரை இருந்தது. இந்திய நேரத்தைவிடச் சுமார் 24 நிமிடம் முன்னால் ஓடிய நேரம். அது போய்விட்டது, சூரியன் மட்டும் பழைய கணக்கை விடவில்லை. வங்காளி வீடுகளில் சங்கு ஊதுகிறார்கள், தமிழ் வீடுகளில் காமாட்சி விளக்கு ஏற்றுகிறார்கள். இரண்டு வீட்டிலும் அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் ட்யூப்லைட், டிவி, மிக்சி, தண்ணீர் பம்ப் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடுகின்றன.

இந்த ஐந்து மணிதான் மேற்கு வங்காளத்தின் மின்சாரக் கணக்கிலும் முக்கியமான மணி. நேரத்துக்கு ஏற்றபடி கட்டணம் செலுத்தும் தொழிற்சாலைகளுக்குப் பல ஆண்டுகளாக இங்கே நாளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காலை 6 முதல் மாலை 5 வரை சாதாரண நேரம். மாலை 5 முதல் இரவு 11 வரை உச்ச நேரம், கட்டணம் அதிகம். இரவு 11 முதல் காலை 6 வரை மலிவு நேரம். வீடுகளுக்கு இந்த வம்பு இல்லை. எத்தனை யூனிட் என்பதுதான் கேள்வி, எத்தனை மணிக்கு என்பது அல்ல.

2023 ஜூன் மாதம் மத்திய அரசு மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியபோது அந்தக் கேள்வி வீட்டு வாசலுக்கும் வந்தது. 10 கிலோவாட்டுக்கு மேல் வாங்கும் வணிக, தொழில் நுகர்வோருக்கு 2024 ஏப்ரல் முதல் தேதிக்குள்ளும், விவசாயம் நீங்கலாக மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் முதல் தேதிக்குள்ளும் நேரவாரிக் கட்டணம் வரவேண்டும் என்றது விதி. வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். ஆனால் இதற்கெல்லாம் மணி பார்க்கத் தெரிந்த மீட்டர் வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய கையோடு நேரக் கட்டணமும் தொடங்கும் என்று விதி முடிச்சுப் போட்டிருந்தது. வங்காளத்தில் சிக்கல் அந்த முடிச்சில்தான் வந்தது.

மின்சாரத்துக்கு நேரத்துக்கு நேரம் விலை மாறுவது ஏன்? காய்கறிச் சந்தையில் காலைக் கத்தரிக்காயை மாலையில் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். மின்சாரம் அதைவிட மோசமான சரக்கு, உண்டான நொடியிலேயே செலவாக வேண்டும். நிலக்கரி மின்நிலையத்தை இரவு பத்து மணிக்கு அணைத்துக் காலையில் மூட்டுவது நடக்காத காரியம். எனவே நள்ளிரவில் வாங்க ஆளில்லாமல் மின்சாரம் மிஞ்சுகிறது. இப்போது நண்பகலிலும் அதே கதை. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் சூரிய மின்சாரம் கொட்டுகிறது. மின்சாரச் சந்தையில் பகலில் யூனிட் ஒரு ரூபாய்க்கும் கீழே இறங்குவதுண்டு. அதே சந்தையில் கோடைக்கால அந்தியில் விலை 10 ரூபாய் உச்சவரம்பைப் போய் முட்டுகிறது. வீட்டுக்கு விற்கும் நிறுவனம் இரண்டையும் கலந்து ஒரே விலையில் நமக்குக் கொடுக்கிறது. நண்பகலில் நாம் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்து அந்தியில் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கிறோம் என்பதே இதன் பொருள்.

மின்சாரத்தை நேரம் மாற்றும் வேலையை அரசே செய்யும் இடம் ஒன்றும் வங்காளத்தில் உண்டு. புரூலியா மாவட்டத்து அயோத்தியா மலையில் மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் கீழே விட்டு 900 மெகாவாட் எடுக்கிறார்கள். 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஓடத் தொடங்கிய நிலையம் இது. மலையில் தண்ணீரை வைத்துச் செய்வதை வீட்டில் வாஷிங் மெஷினை வைத்துச் செய்யுங்கள் என்பதுதான் நேரக் கட்டணத்தின் வேண்டுகோள்.

1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்தில் முதல் மின்நிலையம் ஓடத் தொடங்கிய இந்த நகரம், உச்ச நேரத்தைச் சமாளிக்க ஒரு காலத்தில் வேறு வழி வைத்திருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பற்றாக்குறை வந்தால் ஃபீடரை அணைத்துவிடுவார்கள். மின்வெட்டு என்ற சொல் இங்கே யாருக்கும் தெரியாது. வங்காளிக்கும் தமிழருக்கும் அது லோட்ஷெடிங்தான். முதலமைச்சரின் பெயரே ஜோதி என்பதை வைத்து அன்று ஓடாத நகைச்சுவை கிடையாது. எண்பதுகளின் கடைசியில் பள்ளிப் பாடங்களை நான் அரிக்கேன் விளக்கில் படித்திருக்கிறேன். ஆனால் அந்த இருட்டில் ஒரு விசித்திரமான சமத்துவம் இருந்தது. அணைத்தால் தெருவே அணையும். டாக்டர் வீட்டு மின்விசிறியும் அவர் வீட்டுச் சமையற்காரி குடியிருந்த அறையின் பல்பும் ஒன்றாக நின்றன. வசதியுள்ளவர்கள் ஜெனரேட்டர் லைன் வாங்கித் தப்பித்தது பிறகு நடந்தது.

இப்போது கொல்கத்தாவின் கவலை ஏசி. சிஇஎஸ்சி நிறுவனம் கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் அக்கம்பக்கத்திலும் 567 சதுர கிலோமீட்டருக்கு மின்சாரம் வழங்குகிறது. 2024 ஏப்ரலில் அதன் உச்சத் தேவை 2,700 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த மாதக் கடைசியில் நகரத்தில் வெப்பம் 43 டிகிரி. எழுபது ஆண்டுகளில் காணாத வெயில். சொல்லாமல் கொள்ளாமல் ஏசி மாட்டிவிட்டு, அனுமதிக்கப்பட்ட லோடைக் கூட்டிக்கொள்ளாமல் இருந்த வீடுகளால் தெருக்களில் ஆங்காங்கே மின்சாரம் நின்றது என்பது நிறுவனத்தின் நெடுநாள் புகார். புகாரில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே கோடையின் உச்சங்கள் பிற்பகலிலும் வருகின்றன. நாட்டின் மின்சாரச் சந்தையில் பிற்பகல் மலிவான நேரம். பழைய வீடுகள் நெருக்கிய ஒரு சந்தின் டிரான்ஸ்பார்மருக்கோ அதுதான் உயிர் போகும் நேரம். வெயில் நேரத்துக்குத் தள்ளுபடி என்று டெல்லியில் எழுதிய விதி, பவானிப்பூர் சந்தில் இன்னும் நாலு ஏசியைப் போடச் சொல்லும்.

சரி, கணக்குப் பார்த்துவிடலாம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உச்ச நேரத்தில் 80 காசு கூடும், வெயில் நேரத்தில் 1 ரூபாய் 60 காசு குறையும். மாதம் 200 யூனிட் செலவாகும் இரண்டு வீடுகள். முதல் வீட்டில் ஓய்வுபெற்ற தம்பதி, பகலெல்லாம் வீட்டில் இருக்கிறார்கள். வெயில் நேரத்தில் 60 யூனிட், மாலையில் 70 யூனிட். அவர்களுக்கு 96 ரூபாய் குறைந்து 56 ரூபாய் கூடுகிறது. எதையும் மாற்றாமலே 40 ரூபாய் லாபம். அடுத்த வீட்டில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் வீடு பூட்டிக் கிடக்கிறது. வெயில் நேரத்தில் 10 யூனிட், மாலையில் 110 யூனிட். 16 ரூபாய் குறைந்து 88 ரூபாய் கூடுகிறது. தண்டம் 72 ரூபாய். இவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார்கள்.

எதை நகர்த்தலாம்? எங்கள் வீட்டில் முதலில் வாய்க்கு வந்தது கிரைண்டர். இட்லி மாவை இரவு 11 மணிக்கு மேல் அரைத்தால்? மேசைமேல் வைக்கும் கிரைண்டருக்கு நாற்பது நிமிடத்தில் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் செலவு. மிச்சம் 8 காசு. மேல்வீட்டு வங்காளிப் பெரியவரின் தூக்கத்துக்கு அதைவிட மதிப்பு உண்டு. துணி துவைப்பதைப் பகலுக்குத் தள்ளலாம், கீசரைத் தள்ளலாம். உண்மையில் சுலபமாகத் தள்ளக்கூடியது அடுக்குமாடிகளின் தண்ணீர் பம்ப். மாநகராட்சித் தண்ணீர் அதற்குரிய வேளையில் தரைத்தொட்டிக்கு வந்துவிடும். மேல்தொட்டிக்கு எப்போது ஏற்றினாலும் தண்ணீருக்கு வருத்தமில்லை. எங்கள் காவலாளி பழக்கதோஷத்தில் மாலை ஆறுக்குச் சுவிட்சைப் போடுகிறார். ஏசி கணக்கே வேறு. மாலையில் மூன்று மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ நாலரை யூனிட்; மாதம் நூறு ரூபாய்க்கு மேல் கூடுதல். அங்கேதான் கட்டணத்தின் குரல் காதில் விழும். ஒரு ட்யூப்லைட்டும் இரண்டு மின்விசிறியும் உள்ள குடும்பத்திடம் நகர்த்துவதற்கு எதுவுமே இல்லை.

கேரளம் இதைப் புரிந்துகொண்டது. மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடுகளுக்கு மட்டுமே அங்கே நேரக் கட்டணம் என்று 2025இல் வைத்தார்கள். பகலில் 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல். மராட்டியம் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கரும்பை மட்டும் எடுத்தது. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை யூனிட்டுக்கு 80 காசு முதல் சலுகை, 2025 ஜூலையிலிருந்து. பிரான்ஸ் நாட்டில் தொண்ணூறுகளிலிருந்தே நாட்களுக்கு நீலம், வெள்ளை, சிவப்பு என்று நிறம் பூசும் ஒரு திட்டம் உண்டு. சேர விரும்பியவர்களுக்கு ஆண்டில் 22 சிவப்பு நாட்களில் விலை எகிறும், 300 நீல நாட்களில் மலிவு. விரும்பியவர்களுக்கு என்பது இதில் முக்கியமான சொல்.

இத்தனை தூரம் போகவும் வேண்டியதில்லை. நேரக் கட்டணத்தின் பெரிய பரிசோதனை ஒன்று வங்காளத்து வயல்களிலேயே நடந்திருக்கிறது. 2007 வாக்கில் மின்சார ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு நேரம் பார்க்கும் மீட்டர்களை மாட்டத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு இவ்வளவு என்ற மொத்தக் கட்டணம் போய், யூனிட் கணக்கு வந்தது. மாலைக் கட்டணம் பகல் கட்டணத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். நள்ளிரவில் பகலில் பாதி. பம்ப் வைத்திருந்தவர்கள் பழகிக்கொண்டார்கள். மாலையில் நிறுத்தி, இரவிலும் பகலிலும் இறைத்தார்கள். பலருக்குச் செலவே குறைந்தது. பொறியாளர் பார்வையில் வெற்றி.

நிலத்தடி நீர் ஆய்வாளர் அதிதி முகர்ஜியும் அவருடைய சகாக்களும் வயலுக்குப் போய்ப் பார்த்தபோது மறுபக்கம் தெரிந்தது. வங்காளத்தில் சிறு விவசாயிகள் பலருக்குச் சொந்தப் பம்ப் கிடையாது, பக்கத்து நிலத்துக்காரரிடம் தண்ணீர் வாங்குகிறவர்கள். மொத்தக் கட்டணம் இருந்தவரை பம்ப்காரருக்குத் தண்ணீரை விற்றுத் தீர்க்கும் அவசரம் இருந்தது, வாங்குபவர் பேரம் பேச முடிந்தது. மீட்டர் வந்தபின் அந்த அவசரம் இல்லை. தண்ணீர் விலை ஏறியது. கட்டணத்தின் பலன் மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு நின்றுவிட்டது. 2012இல் நார்மன் போர்லாக் பெயரிலான கள ஆய்வு விருதை முதலில் பெற்றவர் இந்த முகர்ஜி.

நகரத்து வீடுகளுக்கு இந்தக் கதை வருமுன் மீட்டரே நின்றுவிட்டது. மாநில மின்பகிர்மான நிறுவனம் ஸ்மார்ட் மீட்டர்களை மாட்டத் தொடங்கியதும் பில் எகிறிவிட்டது என்று பாராசாத் போன்ற இடங்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். முன்பணம் கட்ட வேண்டியிருக்கும், தீர்ந்தால் கரண்ட் தானாக அணையும் என்ற பயம் வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு பில் என்று பழகிய குடும்பத்துக்கு அது சின்னப் பயமல்ல. 2025 ஜூனில் மாநில அரசு வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டுவதை நிறுத்தியது. மாட்டியவை பழைய முறையிலேயே, பயன்படுத்தியபின் பணம் என்றே இயங்கும் என்றது. புதிய மீட்டர் பொய் சொல்கிறதா என்பதை ஒரு மாதம் பழைய மீட்டரையும் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டியிருக்கலாம். பேசிப் புரியவைக்க வேண்டிய விஷயத்தை ஆணி அடித்து மாட்டப் பார்த்தார்கள் என்பது என் கருத்து. அதே ஆண்டு துர்கா பூஜைக் குழுக்களுக்கு மின்கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை அறிவிக்கப்பட்டது. பந்தல் விளக்குகள் ஜொலிப்பது அதே ஐந்து மணிக்கு மேல்தான்.

எல்லாம் சரியாகி நேரக் கட்டணம் ஒருநாள் கொல்கத்தா வீட்டுக்கு வரும் என்றே வைத்துக்கொண்டாலும், வயலில் தண்ணீர் வாங்கியவர்களைப் போன்றவர்கள் நகரத்திலும் இருக்கிறார்கள். வாடகைக் குடித்தனக்காரர்கள். மின்நிறுவனத்தின் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். குடித்தனக்காரருக்கு அவர் வைத்துக்கொடுத்த சப்மீட்டர், யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வாய்ப்பேச்சுக் கணக்கு. நாளைக்கு மாலை விலை ஏறினால் வீட்டுக்காரர் அந்த விலையை நாள் முழுதுக்கும் சொல்லலாம். நண்பகல் தள்ளுபடி அவர் பில்லோடு நிற்கலாம். குடித்தனக்காரர் வாஷிங் மெஷினைப் பகலில் ஓட்டினாலும் இரவில் ஓட்டினாலும் ஒன்றுதான். மத்திய விதி இவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் கட்டிடத்து மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பலகை இருக்கிறது. அதில் இரண்டு சப்மீட்டர்கள், தகடு சுழலும் பழைய ரகம். ஒன்று எனக்கு.