கெர்பரோசு (நெறிமுறை)

கெர்பரோசு என்பது ஒரு நிறுவனத்தின் கணினி வலையமைப்பில் பயனர் யார் என்பதைச் சரிபார்க்கப் பயன்படும் நெறிமுறை ஆகும். காலையில் ஒருமுறை கடவுச்சொல்லைக் கொடுத்த ஊழியர், மின்னஞ்சல், கோப்பு வழங்கி, சம்பளக் கணக்கு மென்பொருள் எனப் பலவற்றுக்குள்ளும் மீண்டும் கடவுச்சொல் தராமல் நுழைய இது வழிசெய்கிறது. உள்நுழையும்போது கடவுச்சொல் வலையமைப்பின் வழியாக அனுப்பப்படுவதில்லை என்பது இதன் முதன்மையான சிறப்பு. கிரேக்கத் தொன்மத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரே இதற்கு இடப்பட்டுள்ளது.

வரலாறு

1983 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம், டிஜிட்டல், ஐபிஎம் ஆகிய நிறுவனங்களின் துணையுடன் அத்தீனா திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டத்தின்கீழ் வளாகமெங்கும் மாணவர்களுக்காகக் கணினிகள் வைக்கப்பட்டன. பொது அறையில் உள்ள கணினியை யார் வேண்டுமானாலும் தம் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளலாம். கம்பியில் செல்லும் தகவலை ஒட்டுக்கேட்கவும் முடியும். எனவே, இன்னார் பேசுகிறார் என்று ஒரு கணினி சொல்வதை வழங்கி அப்படியே நம்ப இயலவில்லை. இச்சிக்கலுக்குத் தீர்வாகவே கெர்பரோசு உருவானது. ரோஜர் நீடம், மைக்கேல் சுரோடர் ஆகியோர் 1978 இல் வெளியிட்ட நெறிமுறை இதற்கு அடிப்படையாக அமைந்தது.

ஐந்தாம் பதிப்பு 1993 இல் ஆர்.எஃப்.சி 1510 என்னும் ஆவணமாக வெளியானது. 2005 இல் ஆர்.எஃப்.சி 4120 அதற்கு மாற்றாக வந்தது. விண்டோசு 2000 முதல் மைக்ரோசாப்டின் ஆக்டிவ் டைரக்டரி இந்நெறிமுறையைப் பயன்படுத்துகிறது.

செயல்படும் முறை

பயனருக்கும் பயன்பாட்டுக்கும் இடையே, இருவரும் நம்பும் மூன்றாம் தரப்பாக ஒரு மைய வழங்கி இருக்கும். இது திறவுகோல் வழங்கு மையம் எனப்படும்.

1. பயனர் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லிலிருந்து அவருடைய கணினி ஒரு திறவுகோலை உருவாக்குகிறது. அத்திறவுகோலால் அப்போதைய நேரத்தை மறையாக்கம் செய்து மையத்துக்கு அனுப்புகிறது.
2. மையம் தன்னிடமுள்ள திறவுகோலால் அதைத் திறந்து பார்க்கிறது. சரியாக இருந்தால் ஒரு முதன்மைச் சீட்டை அளிக்கிறது.
3. ஒரு பயன்பாடு தேவைப்படும்போது, முதன்மைச் சீட்டைக் காட்டி அப்பயன்பாட்டுக்குரிய சேவைச் சீட்டைக் கணினி பெறுகிறது.
4. பயன்பாடு தன் திறவுகோலால் சேவைச் சீட்டைத் திறந்து பயனரை அறிகிறது. இதற்காக அது மையத்தைக் கேட்க வேண்டியதில்லை.

பழைய செய்தியைப் பிறர் பதிவுசெய்து மீண்டும் அனுப்பி ஏமாற்றாமல் இருக்க நேரம் சரிபார்க்கப்படுகிறது. வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் கோரிக்கை மறுக்கப்படும். ஆகவே, கடிகாரம் தவறாக உள்ள கணினியில் கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைய முடியாமல் போகலாம்.

வரம்புகள்

சீட்டு தரப்பட்ட பிறகு அது காலாவதியாகும் வரை செல்லும். ஆக்டிவ் டைரக்டரியில் இயல்பான கால அளவு 10 மணி நேரம். பணியிலிருந்து விலகிய ஒருவரின் கணக்கை முடக்கினால் அவர் புதிதாக உள்நுழைய முடியாது. ஆனால் ஏற்கெனவே பெற்ற சேவைச் சீட்டு சிறிது நேரம் பயன்படக்கூடும். சீட்டுகளுக்குக் குறுகிய ஆயுள் வைக்கப்படுவது இதனால்தான்.

எல்லா நம்பிக்கையும் மையத்திலேயே குவிந்துள்ளது. அது நின்றுவிட்டால் புதிய சீட்டுகள் கிடைக்கா. முதன்மைச் சீட்டை மறையாக்கம் செய்யும் திறவுகோல் திருடப்பட்டால், திருடியவர் எந்தப் பயனரின் பெயரிலும் போலிச் சீட்டு தயாரிக்கலாம். இது தங்கச் சீட்டுத் தாக்குதல் எனப்படுகிறது.

அடையாளமும் அனுமதியும்

வந்திருப்பவர் யார் என்பதை மட்டுமே கெர்பரோசு உறுதிசெய்கிறது. அவர் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்பதை அந்தந்தப் பயன்பாடே முடிவுசெய்ய வேண்டும். கணக்குப் பிரிவிலிருந்து வேறு பிரிவுக்கு மாறியவரின் பழைய அனுமதிகளை நீக்காமல் விட்டால், அவர் முறையாக உள்நுழைந்தே சம்பளப் பட்டியலைத் திறக்க முடியும். இந்தத் தவறை எந்த நெறிமுறையும் தானாகக் கண்டுபிடிக்காது. அனுமதிப் பட்டியலை நிருவாகிகள் அவ்வப்போது சரிபார்ப்பதே இதற்கு வழி.